ஒரே கட்டில் அறையும் மாமா வீட்டுச் சாப்பாடும்

கும்பகோணத்தைச் சேர்ந்த 31 வயது வாசகர் ஒருவர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து டொராண்டோவிலிருந்து எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதம் ஆறு பக்கம். சுருக்கம் இது:

படிக்க வந்து, படிப்பு முடிந்து, இப்போது பணி அனுமதியில் மென்பொருள் வேலை. இந்த வருடம் மார்ச்சில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பம் போட்டிருக்கிறார். பத்து மாதமாக யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓர் ஆணோடு உறவு. அவர் எட்டு வருடத்துக்கு முன் வந்தவர், ஏற்கெனவே பி.ஆர். உள்ளவர். இருவரும் தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள், செப்டம்பரில் ஒரே வீட்டுக்கு மாற யோசனை. அதற்குமுன் ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறையோடு சேர்த்து மூன்று நாள் கியூபெக் மாகாணத்து மாண்ட்ரீல் போகத் திட்டம். இருவரும் சேர்ந்து ஊரைவிட்டுப் போவது இதுதான் முதல் தடவை.

கேள்விகளை அவர் எழுதிய வரிசையிலேயே தருகிறேன். என் பணி அனுமதி ஒன்டாரியோ வேலைக்கானது, கியூபெக் போகலாமா? ஓட்டலில் இரண்டு ஆண்கள் ஒரே கட்டில் அறை கேட்டால் ஏதாவது சொல்வார்களா? கே பார்களுக்குப் போனது தெரிந்தால் பி.ஆர். பாதிக்குமா? விண்ணப்பத்தில் 'திருமணமாகாதவர்' என்று போட்டது பொய்யாகிவிடுமா? என் இணையரின் தாய்மாமா மாண்ட்ரீலில் இருக்கிறார், ஞாயிறு மதியம் சாப்பிட வரச் சொல்கிறார், நான் போகலாமா? "அலுவலகத்தில் ஒரு நண்பர், கனடாவுக்கு வந்தபிறகும் ஒளிந்து வாழ்வது கோழைத்தனம் என்கிறார். அது உண்மையா சார்?" என்று கடைசியில் ஒரு வரி. அதன்கீழ், போகிற போக்கில், ஊரில் அம்மா ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இன்னொரு வரி.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வழக்கறிஞராக, இரண்டாவது முறை உங்கள் வயதில் அண்ணன் மகன் இருக்கிற ஒருவனாக. இரண்டு முறையும் ஒன்றுதான் தோன்றியது: நீங்கள் நிறையப் பயப்படுகிறீர்கள், ஆனால் பயத்தைத் தப்பான இடங்களில் வைத்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டிய இரண்டு விஷயங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் கேள்வியாகக்கூட நீங்கள் எழுதவில்லை. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு உரிமம் ஒன்டாரியோவில். கியூபெக்கின் சிவில் சட்டம் பிரெஞ்சு வழி வந்த தனி மரபு. கீழே சொல்பவை பொதுவாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை. அங்கே ஏதாவது வழக்காகிவிட்டால் அந்த ஊர் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

போகலாமா, தங்கலாமா

பணி அனுமதியில் எந்த நிறுவனம், எந்த ஊர் என்று எழுதியிருப்பது நீங்கள் எங்கே வேலை செய்யலாம் என்பதற்குத்தான். கனடாவுக்குள் சுற்றிப் பார்க்க அது தடையில்லை. ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் நடுவில் யாரும் நிறுத்திச் சோதிக்கப் போவதும் இல்லை. 'கியூபெக் போனால் அங்கேதான் குடியேற நினைக்கிறேன் என்று பி.ஆர். அதிகாரி எடுத்துக்கொள்வாரோ' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் லீவுக்கு யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

ஓட்டல் விஷயத்தில் கொஞ்சம் வரலாறு சொல்லலாம், ஏனென்றால் அது அதே ஊரின் வரலாறு. 1977 அக்டோபரில் மாண்ட்ரீலின் ஸ்டான்லி தெருவில் 'ட்ரக்ஸ்' என்ற கே பாருக்குள் போலீஸ் புகுந்து 140-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கைது செய்தது. மறுநாள் இரவு பெருங்கூட்டம் தெருவுக்கு வந்து வழியை மறித்தது. இரண்டே மாதத்தில், அதே டிசம்பரில், கியூபெக் சட்டமன்றம் தன் மனித உரிமைச் சாசனத்தில் பாலின ஈர்ப்பைச் சேர்த்தது. அதன் அடிப்படையில் யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று சட்டத்தில் எழுதியதில் உலகத்திலேயே மிக முந்திய அரசுகளில் அது ஒன்று. நம்மூரில் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது 2018-இல். அதற்கு நாற்பத்தொரு வருடம் முன்பே அங்கே வீடு, வேலை, ஓட்டல், கடை எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு வந்துவிட்டது.

ஆகவே ஒரே கட்டில் அறையை யோசிக்காமல் பதிவு செய்யுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு கட்டில் அறை எடுப்பதும் உங்கள் விருப்பம்தான், ஆனால் வரவேற்பு மேசையில் இருப்பவருக்குப் பயந்து எடுக்க வேண்டாம். அவர் உங்களிடம் கேட்பது கடன் அட்டையும் ஒரு அடையாள அட்டையும்தான். கம்பெனி கடன் அட்டையில் மட்டும் போடாதீர்கள். சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கணக்குப் பிரிவில் ஒருவர் உங்கள் பில்லைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

தங்குவதற்கு 'வில்லேஜ்' என்கிற கே வட்டாரத்தின் பக்கமே நன்றாயிருக்கும். சான்ட் கத்ரீன் தெருவின் கிழக்குப் பகுதி, பெரி-யூகாம் மெட்ரோவிலிருந்து பாப்பினோ மெட்ரோ வரை. நடுவில் இருக்கும் போட்ரி மெட்ரோ நிலையத்தின் வாசல் தூண்களே வானவில் நிறத்தில் இருக்கும், தேடவே வேண்டாம். கோடையில் அந்தத் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். பெரி பக்கம் இரவில் வீடற்றவர்களும் போதையில் தடுமாறுபவர்களும் இருப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பெரிய நகரங்களுக்கு உரிய கவனம் போதும். பானே தெரு முனையில் 'நம்பிக்கைப் பூங்கா' என்று ஒன்று இருக்கிறது, எய்ட்ஸில் போனவர்களின் நினைவாக அமைத்தது. பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நீங்கள் இன்று அனுபவிக்கப்போகிற சுதந்திரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று அங்கே புரியும்.

இன்னொன்று. ஞாயிறு பெருமித (பிரைடு) ஊர்வலம் பார்ப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2023, 2024, 2025 மூன்று வருடமும் மாண்ட்ரீல் ஊர்வலம் நம் ஆகஸ்ட் விடுமுறைக்கு அடுத்த ஞாயிறுதான் நடந்தது. அந்தத் திங்கள் நமக்கு லீவு, கியூபெக்காருக்கு வேலை நாள் என்பதும் பலருக்குத் தெரியாது.

பி.ஆர். விண்ணப்பம்

கே பாருக்குப் போனால் பி.ஆர். பாதிக்குமா? பாதிக்காது. கனடாவில் ஆணும் ஆணும் உறவு கொள்வது 1969-இலேயே குற்றமில்லாமல் போயிற்று. பாலின ஈர்ப்பின் பேரில் பாகுபாடு காட்டுவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் ஏற்றுக்கொண்டது. 2002-இல் வந்த குடிவரவுச் சட்டத்தில் ஒரே பாலின இணையர்களுக்கும் குடும்பம் என்ற இடம் உண்டு. அதிகாரி உங்களை ஒதுக்க அதில் ஒன்றும் இல்லை. நீங்கள் பயந்துகொண்டு எழுதியிருந்த 'சானா'க்களும் (கே ஆண்கள் கூடும் நீராவிக் குளியல் விடுதிகள்) சட்டத்துக்கு உட்பட்டவைதான். வயது வந்தவர்கள் சம்மதத்தோடு மூடிய இடத்தில் இருப்பதை, பிறருக்குத் தீங்கு இல்லாதவரை, அநாகரிகம் என்று தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே மாண்ட்ரீல் கிளப் ஒன்றைப் பற்றியது. இந்த மாதிரி இடங்களில் போலீஸ் புகுந்து கைது செய்யப் பயன்பட்ட பழைய பிரிவையும் 2019-இல் எடுத்துவிட்டார்கள்.

'திருமணமாகாதவர்' என்று போட்டதும் பொய்யில்லை. கனடா குடிவரவுச் சட்டத்தில் ஒருவர் உங்கள் இணையர் என்று கணக்கில் வர, கணவன் மனைவி போல் ஒரே வீட்டில் தொடர்ந்து குறைந்தது ஒரு வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அவர் வீட்டில் தூங்குவது அந்தக் கணக்கில் வராது.

ஆனால் செப்டம்பரில் ஒரே வீட்டுக்கு மாறினால், அன்றிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அடுத்த செப்டம்பருக்குள் பி.ஆர். வந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. ஏதோ காரணத்தால் இழுத்துக்கொண்டே போய் ஒரு வருடம் தாண்டிவிட்டால், குடும்ப நிலை மாறியதை நீங்களே தெரிவிக்க வேண்டும். நடுவில் திருமணம் செய்துகொண்டாலும் உடனே தெரிவிக்க வேண்டும். பலர் இதில்தான் தவறுகிறார்கள். 'வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை' என்று என் மேசைக்கு முன் உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு. மறைத்ததாக முடிவானால் ஐந்து வருடத் தடை. மறைத்த விஷயம் கூச்சமானதா இல்லையா என்று சட்டம் பார்ப்பதில்லை. வாடகை ஒப்பந்தம் எந்தத் தேதியில் என்று ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள், போதும்.

"மாண்ட்ரீலிலேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்துவிடலாமா என்று அவர் விளையாட்டாகச் சொன்னார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டுக்கே பதில் சொல்கிறேன்: முடியாது. கியூபெக்கில் 2004 முதல் ஒரே பாலினத்தவர் திருமணம் செய்யலாம், வெளியூர்க்காரரும் செய்யலாம். ஆனால் திருமண அறிவிப்பை அரசுப் பதிவேட்டில் இருபது நாளுக்கு முன்பே வெளியிட வேண்டும். அந்த அறிவிப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு தாலி கட்டும் கதை நடக்காது. டொராண்டோவில் உரிமம் வாங்கினால் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் இந்தியாவில் அந்தத் திருமணம் செல்லாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை. அதனால் இங்கே செய்துகொள்வது வீண் என்று நினைக்காதீர்கள். இங்கே வாழ்கிற வரை இங்கத்திய சட்டத்துக்கு நீங்கள் தம்பதி. ஒரே ஒரு வேண்டுகோள்: காகிதத்துக்காகக் கல்யாணம் செய்யாதீர்கள். அவர் பி.ஆர். என்பதால் நாளைக்கு அவர் மூலமாக விண்ணப்பிக்கும் வழியும் திறந்திருக்கிறது. ஆனால் அந்த வழி உண்மையான உறவுக்கு மட்டும்தான்.

கேட்காமல் விட்ட முதல் பயம்: கார்

'வாடகைக் கார் எடுத்து, இரவு பாருக்குப் போய்விட்டு, மறுநாள் ஓட்டிக்கொண்டே…' என்று பயணத் திட்டத்தில் ஒரு வரி. இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது.

2018 டிசம்பர் முதல் கனடாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டும் குற்றத்துக்கு உச்ச தண்டனை பத்து வருடம் என்று ஆக்கிவிட்டார்கள். பெரும்பாலும் அபராதத்தோடு முடிகிற வழக்குதான். ஆனால் குடிவரவுச் சட்டம் கிடைத்த தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை, கிடைத்திருக்கக்கூடிய உச்ச தண்டனையையும் பார்க்கிறது. பத்து வருடம் என்றால் அது 'கடுமையான குற்றம்'. உங்களை மாதிரி பணி அனுமதியில் இருந்து பி.ஆருக்குக் காத்திருப்பவருக்கு அந்த ஒரு இரவே விண்ணப்பத்தை மொத்தமாகக் கவிழ்த்துவிடும். ஓட்டியது உங்கள் இணையர் என்றால் அவருக்கும் பி.ஆர். போகும் அபாயம் உண்டு. இரவு மூன்று மணி வரை பார் திறந்திருக்கும் ஊர் அது. தூங்கி எழுந்துவிட்டால் காலையில் இரத்தத்தில் இருக்காது என்று நம்பாதீர்கள்.

ரயிலில் போங்கள். ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் நகரின் நடுவில் இறக்கிவிடுவான். வெள்ளி மாலை நான்கு மணியிலிருந்து திங்கள் அதிகாலை ஐந்து வரை செல்லும் வார இறுதி மெட்ரோ சீட்டு ஒன்று எடுத்தால் தீவு முழுக்கச் சுற்றலாம். கார்தான் வேண்டுமென்று அடம்பிடித்தால், ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மாண்ட்ரீல் தீவில் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக் கூடாது. டொராண்டோ பழக்கத்தில் எல்லோரும் முதல் நாளே மாட்டுவார்கள்.

இதே கணக்கில் இன்னும் இரண்டு. கஞ்சா கனடா முழுக்கச் சட்டப்படி சரி, ஆனால் கியூபெக்கில் வயது வரம்பு 21, தெருவில் புகைக்கவும் தடை. வில்லேஜில் ஆண்கள் ஆடும் கிளப்புகள் உண்டு, போவதில் தப்பில்லை. ஆனால் பணம் கொடுத்து உடலுறவு வாங்குவது 2014 முதல் குற்றம். விற்பவருக்கு வழக்கு வருவதில்லை, வாங்குபவருக்கு வரும். நீங்கள் இருவராகப் போகிறீர்கள், உங்களுக்கு இது தேவைப்படாது. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

இரண்டாவது: அப்பாவின் போன்

கடிதத்தின் நடுவில் ஒரு வரி: "அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கித் தந்தபோது என் கூகிள் கணக்கைத்தான் போட்டுக் கொடுத்தேன்." மாமா பார்த்துவிடுவாரோ, தெருவில் யாரோ படம் எடுத்துவிடுவார்களோ என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் மாண்ட்ரீலில் எடுக்கும் ஒவ்வொரு படமும், அப்பா கும்பகோணத்தில் காப்பி குடித்துக்கொண்டே விரல் வைத்தால் திறக்கக்கூடிய இடத்தில் போய் உட்காரும். வெள்ளிக்கிழமை கிளம்புவதற்கு முன் அப்பாவுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, உங்களுடையதை அந்தப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். தூரத்திலிருந்தே உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அதைச் செய்யலாம். 'பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி பேங்கில் சொன்னார்கள்' என்று அப்பாவிடம் சொன்னால் போதும்.

தெருவில் படம் எடுப்பதைப் பற்றி: கியூபெக் சட்டம் இந்த விஷயத்தில் கனடாவின் மற்றப் பகுதிகளைவிடக் கறாரானது. அதே சான்ட் கத்ரீன் தெருவில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணைக் கேட்காமல் படம் எடுத்து ஒரு கலை இதழில் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1998-இல் அவர் பக்கம் தீர்ப்பாகி 2,000 டாலர் கிடைத்தது. தன் உருவத்தின் மீது ஒருவருக்கு உரிமை உண்டு, பொது இடத்தில் இருந்தார் என்பதற்காக அது போய்விடாது என்பது அங்கே நிலைத்த சட்டம். பெருங்கூட்டத்தில் ஒரு முகமாக விழுவது வேறு, அதற்கு வழக்குப் போட முடியாது. அந்தரங்கப் படங்களைச் சம்மதமில்லாமல் பரப்புவதோ, பரப்புவேன் என்று மிரட்டிப் பணம் கேட்பதோ நாடு முழுக்கக் கிரிமினல் குற்றம். அப்படி யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள், போலீஸுக்குப் போங்கள். நீங்கள் கே என்பதால் அவர்கள் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஆனால் ஒன்று. சட்டம் பிறகுதான் வரும். குடும்ப வாட்ஸாப் குழுவில் போன படத்தை எந்த நீதிமன்றத்தாலும் அத்தைகளின் கண்ணிலிருந்து திரும்ப வாங்க முடியாது. ஆகவே போனை முதலில் கவனியுங்கள்.

உடம்புக்கு

நான் டாக்டர் இல்லை, கட்சிக்காரர்கள் மாட்டிக்கொண்ட இடங்களை மட்டும் சொல்கிறேன். உங்கள் ஒன்டாரியோ ஹெல்த் கார்டு கியூபெக் மருத்துவமனையில் செல்லும். ஆனால் டாக்டர் கட்டணத்துக்கு இரண்டு மாகாணத்துக்கும் மற்ற மாகாணங்களுக்கு இருப்பது போன்ற ஒப்பந்தம் கிடையாது. கையிலிருந்து கட்டச் சொல்வார்கள், ரசீது வைத்து ஒன்டாரியோவில் கேட்டு வாங்க வேண்டும், முழுதும் வராமல் போகலாம். அலுவலகக் காப்பீடு வெளிமாகாணத்துக்குச் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆணுறை கிழிந்தது போல எச்.ஐ.வி. பயம் ஏதாவது வந்தால் 72 மணி நேரத்துக்குள் மருந்து ஆரம்பிக்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். டொராண்டோ போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று திங்கள் வரை காத்திருக்காதீர்கள். அங்கேயே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எம்பாக்ஸ் (குரங்கம்மை) தடுப்பூசி இரண்டு டோஸ், இடையில் 28 நாள். ஜூனிலேயே ஆரம்பித்தால்தான் ஆகஸ்டுக்கு முடியும்.

மாமா வீடு

இது சட்டக் கேள்வி இல்லை. ஆனாலும் கடிதத்தில் இதுதான் கனமான இடம் என்று தெரிகிறது, நாலு தடவை இதற்கே திரும்பி வந்திருக்கிறீர்கள்.

மாமா வீட்டிலேயே தங்கினால் காசு மிச்சம் என்று ஒரு யோசனை வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதே கைவிடுங்கள். கூடத்தில் ஒருவர், அறையில் ஒருவர் படுத்து, இரவெல்லாம் காலடிச் சத்தத்துக்குப் பயந்துகொண்டிருக்கவா மூன்று நாள் லீவு போடுகிறீர்கள்?

சாப்பாடு வேறு. போகாமலே இருக்கலாம். அவர் மட்டும் போய்வரட்டும், நீங்கள் மோன்ட் ராயல் மலையேறுங்கள், ஞாயிறு மதியம் அடிவாரத்தில் கூட்டமாய் டிரம் அடிப்பார்கள், பொழுது போவதே தெரியாது. அல்லது நண்பராகப் போகலாம். ஒரு சாப்பாட்டுக்கு 'கூட வேலை செய்கிற தம்பி' என்று அறிமுகமாவது பெரிய பாவம் இல்லை. மூன்றாவது வழி, மாமாவிடம் சொல்லிவிடுவது. அந்த முடிவு உங்களுடையது இல்லை, உங்கள் இணையருடையது. அது அவர் குடும்பம். அவருடைய அம்மா இன்னும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், அவர் வருடா வருடம் அங்கே போய்வருகிறார். இலங்கையில் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. மாமாவின் ஒரு போன் கால் எங்கே போய் முடியும் என்பதை உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ரயிலிலேயே பேசி முடித்துவிடுங்கள்: எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது, கல்யாணப் பேச்சு வந்தால் யார் பேச்சை மாற்றுவது. இரண்டு பேர் இரண்டு கதை சொல்வதில்தான் பெரும்பாலும் மாட்டுவது.

என் யோசனை கேட்டால், நண்பராகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அவர் வளர்ந்த சமையலின் ருசி உங்களுக்குத் தெரியட்டும். மாமாவும் உங்கள் முகத்தைப் பார்த்து வைக்கட்டும். என்றைக்காவது சொல்லவேண்டி வந்தால், முன்பின் தெரியாத ஒருவனைப் பற்றிக் கேட்பதைவிட, தன் வீட்டில் சோறு தின்ற பையனைப் பற்றிக் கேட்பது அவருக்கு எளிதாயிருக்கும்.

அலுவலக நண்பர் சொன்ன கோழைத்தனம் பற்றி. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் தப்பாகச் சொல்லியிருக்கிறார். யாரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் அந்தரங்கம். அந்தரங்கத்தைக் காப்பதும் அதே கியூபெக் சாசனம் தருகிற உரிமைதான். சொல்லும் உரிமை இருக்கிறது என்பதற்காகச் சொல்லியே தீர வேண்டிய கடமை வந்துவிடாது. அவருக்குக் கும்பகோணத்தில் யாரும் இல்லை.

ஆனால் அம்மா பார்க்கும் ஜாதகம் விஷயத்தில் நான் அவ்வளவு விட்டுக்கொடுக்க மாட்டேன். 'ஒரு வருடம் போகட்டும், பி.ஆர். வரட்டும்' என்று தள்ளிப்போடுங்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் 'சரி, பாருங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் அப்படிச் சொன்னால் மறுமுனையில் ஒரு பெண் வேலையை விட்டு, புடவை எடுத்து, விசாவுக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவாள். அந்த மாதிரிக் கல்யாணத்தில் வந்து இந்த ஊரில் தனியாக நின்ற பெண்களுக்காகவும் நான் வழக்கு நடத்தியிருக்கிறேன்.

சரி, கடைசியாகச் சின்ன விஷயங்கள். எங்கே போனாலும் முதலில் 'போன்ழூர்' சொல்லுங்கள், அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அவசரமென்றால் 911, அங்கே ஆங்கிலத்தில் பேசலாம். மாமா கோட் டெ நேஜ் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிறு காலையில் ழான் டாலோன் சந்தைக்குப் போய், அங்கிருந்து நீல மெட்ரோ பிடித்தால் மாறாமல் அந்த நிலையத்திலேயே இறங்கலாம். ஆகஸ்ட் மாதம், சந்தையில் கியூபெக்கின் காட்டு புளூபெர்ரி வந்திருக்கும், சிறிதாக, கறுப்பாக. ஒரு கூடை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது.